பிரேக்கில் எரியும் முருகன்

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு நான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் கேஸ் முடிந்துவிடும். அதில் என்ன இருக்கிறது என்று சப்-இன்ஸ்பெக்டர் முன்கூட்டியே போனில் படித்துக் காட்டியிருந்தார். நாய் குறுக்கே வந்ததால் மேடம் பிரேக் போட்டார். வண்டியின் விளக்குகள் எல்லாம் சரியாக எரிந்துகொண்டிருந்தன. பின்னால் வந்த பைக்காரர் போனில் வந்த அழைப்பைப் பார்த்தபடி வந்து மோதினார். ஹிந்தியில் கேட்க இது இன்னும் கம்பீரமாக இருந்தது.

அந்த பைக்காரர் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். பெயர் தேவேந்தர், வயது முப்பத்து நான்கு. வீடு வீடாகப் போய்த் தண்ணீர் ஃபில்டர் பழுது பார்ப்பவர். மோதிய நேரத்தில் அவருடைய போன் அடித்திருக்கிறது. கூப்பிட்டது அவர் மனைவி. அவர் எடுக்கவில்லை. எடுக்காவிட்டாலும் திரையைப் பார்த்திருப்பார், அதனால்தான் மோதினார் என்பது போலீஸின் முடிவு. டெல்லி ஆர்.கே.புரத்தில் எங்கள் குவார்ட்டர்ஸ் முழுவதும் அதே முடிவுக்கு இன்னும் சீக்கிரமாக வந்திருந்தது.

என்னைப் பார்க்க வந்தவர்கள் யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "பின்னாடி வந்து இடிச்சா அவன் மேலதான் தப்பு" என்று எல்லோரும் சட்டம் பேசினார்கள். தமிழ்ச் சங்கத்து லதா அக்கா எனக்காக மலை மந்திர் முருகன் கோயிலில் ஒன்பது தேங்காய் உடைத்துவிட்டு வந்து, எனக்குக் கண்டம் கழிந்தது என்றார். ஒருவர் செத்துப்போக எனக்குத் தேங்காய் உடைக்கிறார்களே என்று கோபம் வர வேண்டும். வரவில்லை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அப்படி இருந்தேன். ஆபீஸ் போனேன், ஃபைல் பார்த்தேன், சாப்பிட்டேன். குழம்பில் உப்பே இல்லை என்று கணவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது, எனக்கு நாக்கிலும் ஒன்றும் உறைக்கவில்லை என்று.

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு வண்டியை நசீம் பாயிடம் கொண்டுபோனேன். பதினாலு வயதான பெட்ரோல் கார். டெல்லியில் பதினைந்து முடிந்தால் ரோட்டில் விட முடியாது, ஆகவே அதற்கு இன்னும் ஒரு வருஷம் ஆயுள். ஸ்டேஷனில் பத்து நாள் நின்றுவிட்டு வந்திருந்தது. அங்கே யாரோ வந்து பம்பரின் பள்ளத்தை அளந்தார், பிரேக்கை மிதித்துப் பார்த்தார், படிவம் நிரப்பினார். பிரேக்கை மிதிக்கும்போது பின்னால் நின்று விளக்கைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. கழற்றிக்கொண்டு வந்த பம்பரை மாட்டச் சொல்லத்தான் நான் போனேன்.

முகமதுபூர் சந்தில் நசீம் பாயின் கடை. அவருக்கு ஹிந்தி தவிர வேறு தெரியாது. அவர் பேசியதைத் தமிழில்தான் எழுதுகிறேன். வண்டியை ரிவர்ஸில் உள்ளே விடச் சொன்னார். விட்டேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"மேடம்ஜி, ரிவர்ஸ் லைட் எரியல."

"அப்படியா?"

"பிரேக்கை மிதிங்க." மிதித்தேன். "இன்னும் நல்லா மிதிங்க." மிதித்தேன். "பிரேக் லைட்டும் எரியல. ரெண்டு பக்கமும் எரியல, நடுவுல இருக்கிறதும் எரியல."

இறங்கி வந்து பார்த்தேன். புகைமூட்டத்துக்காக நான் ஹெட்லைட் போட்டிருந்ததால் பின்பக்கம் சிவப்பாக இரண்டு சிறிய விளக்குகள் எரிந்துகொண்டுதான் இருந்தன. அது எப்போதும் எரிகிற விளக்கு, ஹெட்லைட் போட்டால் கூடவே எரியும், அதற்கு வேறு லைன் என்றார் நசீம் பாய். பிரேக் போட்டால் அதே சிவப்பு பளிச்சென்று கூடவேண்டும். கூடாவிட்டால் பின்னால் வருகிறவனுக்கு வண்டி ஓடிக்கொண்டிருக்கிற மாதிரியே தெரியும்.

"இடிச்சதுல ஒயர் போயிருக்கும்" என்றார் அவர்.

அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நானும் நினைத்தேன். அடுத்த நிமிஷமே இன்னொன்றும் தோன்றியது. இடித்ததில் போயிருந்தால் நாளைக்கு நான் போடும் கையெழுத்து உண்மை. இடிப்பதற்கு முன்பே போயிருந்தால் அது பொய். வேறு எதுவும் மனதில் ஏறாத அந்த நாட்களில் இது மட்டும் தெளிவாக ஏறியது. கடையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் இருந்தது. அதை இழுத்து வண்டிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். மெக்கானிக் வேலை செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து முறைக்கிற ஆள் இல்லை நான். அன்றைக்கு உட்கார்ந்தேன்.

முதலில் இடதுபக்க விளக்கைக் கழற்றினார். பல்பை வெளியே எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். உள்ளே இரண்டு கம்பி, இரண்டும் அறுபடாமல் இருந்தன. வலதுபக்கமும் அப்படியே. பல்பு மாட்டும் குழியில் துரு இல்லை. பின்கதவு வழியாகப் போகும் ஒயர்க்கட்டை விரலால் தடவிப் பார்த்தார். எங்கும் அறுபடவில்லை, நசுங்கவில்லை.

"ஆச்சரியமா இருக்கு. பின்னாடி எல்லாம் நல்லா இருக்கு. அடி பம்பரோட நின்னுடுச்சு."

அடி பம்பரோடு நின்றுவிட்டது. எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. போகவில்லை.

ஒரு முனையில் கிளிப்பும் மறு முனையில் ஊசியும் வைத்த சின்ன டெஸ்ட் விளக்கு ஒன்று வைத்திருந்தார். கிளிப்பை வண்டியின் இரும்பில் கவ்வவிட்டு, ஊசியால் விளக்குக் குழியைத் தொட்டார். என்னைப் பிரேக் மிதிக்கச் சொன்னார். டெஸ்ட் விளக்கு எரியவில்லை. பின்னால் கரண்டே வரவில்லை என்று அர்த்தம். பிறகு டிரைவர் பக்கம் வந்து, தலைகீழாகக் குனிந்து, பிரேக் பெடலுக்கு மேலே இருக்கும் சுவிட்சைத் தொட்டுப் பார்த்தார். அங்கேயும் வரவில்லை. ஃப்யூஸ் பெட்டியைத் திறந்து ஒரு சிவப்பு ஃப்யூஸைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். நடுவில் கறுத்து உருகியிருந்தது.

"இந்த வண்டியில பிரேக்குக்கும் ரிவர்ஸுக்கும் ஒரே ஃப்யூஸ். இது போச்சுன்னா ரெண்டும் போச்சு."

"ஏன் போச்சு?"

"அதைத்தான் பாக்கணும். ஃப்யூஸ் சும்மா போகாது."

புது ஃப்யூஸ் போட்டார். பிரேக்கை மிதித்ததும் பட்டென்று ஒரு சத்தம். அதுவும் போயிற்று. பின்னால் போகும் ஒயரின் இணைப்பைச் சீட்டுக்கு அடியில் கழற்றிவிட்டு இன்னொன்று போட்டார். மிதித்தேன். பட். பின்பக்கத்தையே கழற்றிவிட்ட பிறகும் போகிறதென்றால் கோளாறு முன்னால்தான் இருக்கிறது என்றார். அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. டீ சொன்னார். எனக்கும் ஒன்று வந்தது, குடித்தேன், சூடா ஆறியதா என்று நினைவில்லை.

ஸ்டீயரிங்குக்குக் கீழே மூடியிருந்த பிளாஸ்டிக்கைக் கழற்றி டார்ச் அடித்தார். பிரேக் சுவிட்சின் ஒயரை யாரோ சுரண்டி, அதில் மெல்லிய சிவப்பு ஒயர் ஒன்றை முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். அது கம்பெனி ஒயர் இல்லை. இரும்புத் தாங்கி ஒன்றின் விளிம்பில் உரசி, தோல் உரிந்து, செம்பு தெரிந்தது. தெரிந்த இடத்தில் கரி. நசீம் பாய் அந்த ஒயரைப் பிடித்துக்கொண்டே மேலே போனார். அது டேஷ்போர்டின் ஓரமாக ஏறி, நடுவில் ஒட்டியிருந்த முருகனின் பீடத்துக்குள் போய் முடிந்தது.

"இவர்தான்" என்றார்.

அந்த முருகன் பழனி அடிவாரத்தில் வாங்கியது. சாண் உயரம், கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக், உள்ளே சின்ன விளக்கு. மூன்று வருஷத்துக்கு முன்னால் என் கணவர்தான் கடைத்தெருவில் ஓர் ஆளைப் பிடித்துப் பிரேக்கோடு சேர்த்துக் கொடுக்கச் சொன்னார். ஊரில் பஸ், ஆட்டோ எல்லாவற்றிலும் அப்படித்தான். பிரேக் அடித்தால் சாமி எரியும். டெல்லி டிராஃபிக்கில் அது நொடிக்கொரு தரம் எரியும். ரிங் ரோடு முழுக்க தீபாராதனை என்று நான் கிண்டல் செய்வேன்.

நசீம் பாய் ஒயரை வெட்டினார். புது ஃப்யூஸ் போட்டார். மிதித்தேன். "எரியுது!" என்று பின்னாலிருந்து கத்தினார். ரிவர்ஸ் கியர் போட்டேன். "அதுவும் எரியுது!"

"ஆக்சிடென்ட் ஆன குலுக்கல்ல ஒயர் போய் இரும்புல பட்டிருக்கு, மேடம்ஜி. கவலைப்படாதீங்க" என்றார், கையைத் துடைத்துக்கொண்டே.

அவரைப் பொறுத்தவரை சரியான பதில்தான். அவருக்குத் தெரியாதது ஒன்று எனக்குத் தெரியும். சாமியும் பிரேக் விளக்கும் ஒரே ஃப்யூஸில் இருக்கின்றன என்றால், சாமி எரியாத நாளில் பிரேக் விளக்கும் எரியவில்லை. சாமி எரியாமல் போனது விபத்து நடந்த சனிக்கிழமை இல்லை. அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை. கந்த சஷ்டி முடிந்த மறுநாள்.

நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் நான் பயந்துபோனேன். அந்த வருஷம் ஆபீஸில் ஆடிட் நடந்ததால் சஷ்டி விரதம் இருக்கவில்லை. மலை மந்திருக்கு ஆறு நாளில் ஒரு நாள்கூடப் போகவில்லை. செவ்வாய்க்கிழமை காலை முதல் சிக்னலில் பிரேக் அடிக்கிறேன், முருகன் எரியவில்லை. இரண்டு தட்டுத் தட்டினேன். எரியவில்லை. கோபித்துக்கொண்டுவிட்டான் என்றுதான் தோன்றியது. படித்தவள்தான், எம்.ஏ. பொருளாதாரம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தேன். போகும்போதும் வரும்போதும் அந்த வண்டியில்தான் போனேன், பின்னால் விளக்கே இல்லாமல். நான்கு நாள் அர்ச்சனையைப் பற்றி யோசித்தேனே தவிர, ஃப்யூஸைப் பற்றி ஒரு நொடி யோசிக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் புகைமூட்டத்தில் நாய் ஓடி வந்தது.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொன்னேன். அவர் பெயர் இளஞ்செழியன். பொதுத்துறைக் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ். மெட்ரோவில் போய் வருகிறவர், வண்டி ஓட்டுவது நான்தான். ஷூவைக்கூடக் கழற்றாமல் முழுவதும் கேட்டார்.

"நசீம் பாய்தான் குலுக்கல்ல போச்சுன்னு சொல்லிட்டாருல்ல? அப்புறம் என்ன?"

"செவ்வாக்கிழமயிலருந்து சாமி எரியலன்னு உங்ககிட்ட சொன்னேன்."

அவர் குனிந்து ஷூவின் லேஸை அவிழ்த்தார்.

"ஞாயித்துக்கிழம பாக்குறேன்னு சொன்னீங்க."

"இப்ப என்னையக் குத்தம் சொல்றியா மதி?"

"இல்லங்க. நான் அர்ச்சனை பண்ணுனேன். நீங்க ஞாயித்துக்கிழம வரட்டும்னீங்க. ரெண்டு பேருல ஒருத்தராச்சும் ஃப்யூஸப் பாத்திருக்கலாம்."

அவர் ஷூவைக் கழற்றி ஒழுங்காக ஓரமாக வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நாளைக்கு நீ போயி இதச் சொன்னா உன் மேல கேஸு. புடிச்சு ரெண்டு நாள் உள்ள வச்சான்னா சஸ்பென்ஷன். தெரியும்ல?"

"தெரியும். கவர்மெண்ட் வேலையில இருக்கறவங்களுக்கு நாப்பத்தெட்டு மணி நேரம்தான் கணக்கு. எங்க செக்ஷன்ல அந்த ஆர்டரெல்லாம் நான்தான் டைப் பண்றேன்."

"போனவரு திரும்பி வரப் போறாரா?"

இதற்கு என்ன பதில் சொல்வது? வரப்போவதில்லை. கெட்ட மனிதர் இல்லை அவர், எனக்காகத்தான் சொல்கிறார், அதுவும் தெரிகிறது. எனக்குக் கோபமும் வரவில்லை, துக்கமும் வரவில்லை. தோசை மாவு இருந்தது. இரண்டு பேருக்கும் வார்த்தேன். காலையில் என்ன செய்யப்போகிறேன் என்று அவரும் கேட்கவில்லை, எனக்கும் தெரியவில்லை. கையெழுத்துப் போட்டுவிடுவேன் என்றுதான் நினைத்தேன். சும்மா இருப்பதற்குத் தெம்பு தேவையில்லை.

மறுநாள் ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். ஐந்து நிமிஷம் உட்காரச் சொன்னார். மேஜைக்கு எதிரே ஒரு பெஞ்ச். அதில் ஏற்கெனவே ஒரு பெண், முப்பது வயது இருக்கும், மடியில் பிளாஸ்டிக் கவரோடு உட்கார்ந்திருந்தாள். கவருக்குள் ஒரு போன். கண்ணாடி நொறுங்கியிருந்தது. அவள் என்னையே பார்த்தாள்.

"நீங்கதான் கார்க்கார தீதியா?" என்று ஹிந்தியில் கேட்டாள். தீதி என்றால் அக்கா.

ஆமாம் என்றேன். அவள் தேவேந்தரின் மனைவி, சுனிதா. அவருடைய போனைத் திரும்ப வாங்க வந்திருக்கிறாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவள் திட்டவில்லை. ஒரு கேள்வி கேட்டாள்.

"தீதி, நீங்க கண்ணாடியில பாத்திருப்பீங்களே. அவர் போனைப் பாத்தாரா?"

"தெரியல. நான் நாயைத்தான் பாத்தேன்."

"பாத்திருப்பார்னு எல்லாரும் சொல்றாங்க. நான்தான் போன் பண்ணினேன். பச்சைப் பட்டாணி வாங்கிட்டு வரச் சொல்ல." கவரை மடியில் திருப்பித் திருப்பி வைத்தாள். "என் மாமியார் ஊர்ல இருக்காங்க. அன்னிக்கிலருந்து என்கூடப் பேசல. போன் பண்ணினா என் நம்பரைப் பாத்துட்டுக் கட் பண்றாங்க. பட்டாணிக்காக என் பிள்ளையைக் கொன்னுட்டாள்னு ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்றாங்க. சொல்லட்டும். சரிதானே?"

சரிதானே என்று என்னிடமே கேட்டாள். அந்தக் கேள்விக்கு அந்த ஸ்டேஷனிலேயே பதில் தெரிந்த ஒரே ஆள் நான். என் கணவர் கேட்டதற்கு இல்லாத பதில் இதற்கு இருந்தது.

"சரியில்ல" என்றேன். "என் வண்டியில பிரேக் லைட் எரியல. நான் நின்னது அவருக்குத் தெரிஞ்சிருக்காது."

அவளுக்கு உடனே புரியவில்லை. நசீம் பாய் எனக்குச் சொன்ன மாதிரியே சொன்னேன். பின்னால் சிவப்பு விளக்கு எப்போதும்போல எரிந்தது, பிரேக் போட்டபோது கூடவில்லை. வண்டி ஓடுகிற மாதிரியே தெரிந்திருக்கும். அவர் போனைப் பார்த்தாரா என்று சத்தியமாகத் தெரியாது. ஆனால் பார்க்காமல் நேராக என்னையே பார்த்துக்கொண்டு வந்திருந்தாலும் நான் நின்றது அவருக்குத் தெரிந்திருக்காது.

"எத்தனை நாளா எரியல?"

"செவ்வாய்க்கிழமயிலருந்து. அஞ்சு நாள்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"லைட் எரியலன்னு தெரியாது. சாமி எரியலன்னு தெரியும்." அதையும் விளக்கினேன். ஹிந்தியில் சொல்லும்போது இன்னும் அசட்டுத்தனமாக இருந்தது. அவள் சிரிக்கவில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டார். "மேடம், மேடம்" என்று எழுந்தே வந்தார். "முடிஞ்ச விஷயத்தை ஏன் கிளறுறீங்க? பேப்பர் ரெடியா இருக்கு. கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க."

"சாஹப், வேற பேப்பர் எடுங்க" என்றாள் சுனிதா. குரலை உயர்த்தவில்லை. "இவங்க சொன்னதை எழுதுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் மேஜைக்குப் போய் வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்தார். இரண்டாம் முறை சொன்னேன், அவர் எழுதினார். செவ்வாய், வெள்ளி, சனி என்று கிழமைகளைத் திரும்பத் திரும்பக் கேட்டார். ஆபீஸில் நோட் போட்டுச் சொல்கிற மாதிரி சொல்லி முடித்தேன்.

சுனிதா என் முன்னால் கையை நீட்டினாள்.

"உங்க போனைக் குடுங்க. என் நம்பர்லருந்து பண்ணினா எடுக்க மாட்டாங்க."

கொடுத்தேன். நம்பரை மனப்பாடமாக அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். "நீங்க சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்க."

மூன்று முறை மணி அடித்ததும் ஒரு கிழவியின் குரல் "யாரு?" என்றது. பின்னால் எருமை கத்தும் சத்தம் கேட்டது.

"மாதாஜி, நான் டெல்லியிலருந்து பேசறேன். என் பேர் மதுமதி. உங்க மகன் என் கார் மேலதான்..." என்று ஆரம்பித்தேன். வாக்கியத்தை முடிக்க வரவில்லை. வேறு மாதிரி ஆரம்பித்தேன். "தப்பு என்னோடது, மாதாஜி. என் வண்டியில லைட் எரியல. போனால நடக்கல. உங்க மருமகள் பண்ணின போனால நடக்கல."

கட் செய்துவிட்டார் என்று நினைத்துத் திரையைப் பார்த்தேன். விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"அவ பக்கத்துல இருக்காளா?" என்றது குரல்.

"இருக்கா."

"அவகிட்ட குடு."

சுனிதா போனை வாங்கி ஸ்பீக்கரை அணைத்துவிட்டுக் காதில் வைத்தாள். "அம்மாஜி" என்றாள். எழுந்து வெளியே போய், பிடித்துவைத்த வண்டிகள் நிற்கும் இடத்தில் சுவரோரமாகக் குந்தி உட்கார்ந்தாள். ஜன்னல் வழியே தெரிந்தது. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"மேடம், இங்கே கையெழுத்து" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

பேனாவை வாங்கினேன். என் பெயரில் முதல் எழுத்தைப் போட்டேன், இரண்டாவது எழுத்துக்குக் கை போகவில்லை. அழுதேன். பத்தொன்பது நாளும் சேர்த்து, கூச்சமே இல்லாமல், சத்தமாக அழுதேன். அவர் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்திவிட்டு, தாள் நனையாமல் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வெளியே சுனிதா அரை மணி நேரம் போனிலேயே இருந்தாள். அவள் முடிக்கும் வரை நான் போனைக் கேட்கவில்லை. அவள் வருவதற்குள் கையெழுத்தை முழுவதும் போட்டு முடித்திருந்தேன்.